பழவங்காடியில் நின்றுபோகிற மோட்டார்

1

தாமிரபரணிக் கரையில் இருக்கிற உங்களுக்குத் திருவனந்தபுரம் பரதேசமாகத் தோன்றாது. ரயில் ஏறினால் நேரே தம்பானூரில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது, இதற்கென்ன இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பீர்கள். ஆனால் இங்கே ராஜா வேறு, காசு வேறு, தபால்கூட இரண்டு விதம். நடுவில் சுங்கச் சாவடி ஒன்று இருக்கிறது. கல்யாணமான புதிதில் அப்பா கல்லிடைக்குறிச்சியிலிருந்து அனுப்பிய அப்பளக் கூடையை அங்கே ஒருவர் பிரித்து முகர்ந்துகூடப் பார்த்தாராம். அப்பளம் நொறுங்கித்தான் வந்து சேர்ந்தது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் வேறு தேசத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று.

இன்று காலையில் காப்பி கலந்துகொண்டிருந்தபோது, இந்த வீட்டு எஜமானர், வஞ்சியூர்க் கோர்ட்டு வக்கீல், சந்தனக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டு அடுக்களைக்குள் வந்தார்.

"இன்னிக்கு நம்ம வண்டிக்கு ஆண்டு நிறைவு, கேட்டயா? சந்தனம் குங்குமம் இட்டு, பழவங்காடிக்குக் கொண்டுபோய்த் தேங்காய் உடைக்கணும்."

ஆண்டு நிறைவா, ஆண்டுத் திவசமா என்று நாக்கு நுனிவரை வந்தது. நல்ல நாளில் அப்படிச் சொல்லக்கூடாது என்று காப்பியோடு சேர்த்து விழுங்கினேன். இந்த ஒரு வருஷத்தில் நான் விழுங்கியவற்றுக்கெல்லாம் காப்பி மட்டும் துணையில்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேனோ!

2

மோட்டார் என்றதும் நீங்கள் அம்பாசமுத்திரம் சாலையில் போகிற மிராசுதார்களின் பெரிய வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பந்தயத்தில் ஓடுகிற ஜாதி. சிவப்பு நிறம். தரையோடு தரையாகப் பதுங்கியிருக்கும். முன்பக்கம் நீளமான மூடி, அதைத் தோல் வாரால் கட்டியிருக்கும். இரண்டே பேர் உட்காரலாம். பின்னால் ஒரு பலகையைத் தூக்கினால் டிக்கி என்று ஒரு குழி. அதில் குழந்தைகளைப் போடலாம், அல்லது பூசணிக்காய்களைப் போடலாம்.

மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றது இது. மணிக்கு எழுபது மைல் போகும் என்று துரை சொன்னாராம். இவர் அதைத் திரும்பத் திரும்ப எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கரமனையிலிருந்து வஞ்சியூருக்கு எழுபது மைல் வேகம் எதற்கு என்று நான் கேட்டேன். "இருக்கட்டுமே, ஒரு தைரியம்தானே" என்றார்.

வண்டி வந்த அன்று தெரு முழுக்கக் கூடிவிட்டது. பக்கவாட்டில் இருந்த ஒரே கதவு துரை காலத்திலேயே திறப்பதை நிறுத்திவிட்டதாம். தாண்டித்தான் ஏறவேண்டும் என்றார்கள். மடிசாரைக் கட்டிக்கொண்டு நான் எப்படித் தாண்டுவேன்? பலகை போட்டு ஏறலாம் என்றார் எதிர்வீட்டுக்காரர். அவருடைய அகத்துக்காரியை முதலில் ஏறச் சொல்லுங்கள் என்றேன். அந்தக் கதவைப் பழுதுபார்த்ததுதான் முதல் செலவு. இன்றுவரை பார்த்த செலவுகளில் பலன் கொடுத்ததும் அது ஒன்றுதான்.

மேல்மூடி என்று ஒரு கித்தான் உண்டு. வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற ஊரில், அந்தக் கித்தானை இழுத்து, கம்பிகளை விரித்து, கொக்கியை மாட்டி முடிப்பதற்குள் மழை விட்டுவிடும். இடவப்பாதி என்கிற பருவமழை ஆரம்பித்த அன்று, குடையைப் பிடித்துக்கொண்டு மோட்டார் ஓட்டிய ஒரே வக்கீல் என்று இவர் கோர்ட்டில் பெயரெடுத்தார்.

3

எங்கள் அப்பா மாடு பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வியாபாரம் எவ்வளவு கோளாறானது என்று புரியும். நல்ல காளை விலைக்கு வருகிறது என்றால் அப்பா முதலில் மாட்டைப் பார்க்கமாட்டார். விற்கிறவனைப் பார்ப்பார். "ஏன் ஓய் விக்கறீர்?" என்று ஆரம்பிப்பார். அதற்கு அவன் சொல்லும் பதில் திருப்தியாக இருந்தால்தான் மாட்டின் பக்கமே திரும்புவார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், சேற்றில் நடக்கவிடுவார், படுக்கவைத்து எழுப்புவார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கொம்பிலிருந்து வால்வரை கையால் தடவிக்கொண்டே போவார். கண் ஏமாறும், கை ஏமாறாது என்று அவருக்கு ஒரு கொள்கை. அதற்கப்புறமும் எட்டு நாள் நம் தொழுவத்தில் கட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்.

இவர் துரையிடம் ஏன் விற்கிறீர் என்று கேட்கவில்லை. சீமைக்குப் போகிறவரை எப்படிக் கேட்பது என்றார். எட்டு நாள் கழித்துத் திருப்பி அனுப்பலாமென்றால் அதற்குள் துரை கப்பலில் இருந்தார்.

இவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த ஆசைக்கு விதை போட்டதே அப்பாதான். தலை தீபாவளிக்குப் போயிருந்தபோது, வில்வண்டியில் ஸ்டேஷனிலிருந்து எங்களை அழைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் ஒரு மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அப்பா அது மறைகிறவரை பார்த்துவிட்டு, "சாகறதுக்குள்ளே ஒரு தரம் அதிலே உக்காந்து பாத்துடணும், மாப்பிள்ளே" என்றார். சும்மா சொன்ன வார்த்தை. இவர் அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டுவிட்டார். மோட்டாரை ஓட்டிக்கொண்டே மாமனார் ஊருக்குப் போகவேண்டும், அவரை முன்னால் உட்காரவைத்து நான்கு தெருவையும் சுற்றவேண்டும் என்று ஒரு சங்கற்பம். இவருடைய பிரியம் எல்லாமே இப்படித்தான், யாராவது ஒருவருக்குக் கஷ்டம் கொடுத்துக்கொண்டு வரும்.

வண்டி வந்த மறுமாசம் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. கண் மங்கிக்கொண்டே வருகிறதாம். பாளையங்கோட்டை டாக்டர் பார்த்துவிட்டு, இது புரை இல்லை, அறுத்துச் சரிசெய்ய முடியாது, உள்ளே நரம்பு வாடிப்போகிறது, இருக்கிற பார்வை இருக்கிறவரை என்று சொல்லிவிட்டாராம். "குழந்தைகள் முகத்தை இன்னொரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டால் போதும். சௌகரியப்பட்டபோது அழைத்துக்கொண்டு வா" என்று எழுதியிருந்தார். என் அப்பா எதையும் இரண்டு தரம் கேட்கிறவரில்லை. நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கடிதத்தோடு வாசலுக்கு ஓடினேன்.

இவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"தீபாவளிக்கு வண்டியிலேயே போயிடலாம்" என்றது கால்.

4

அந்தத் தீபாவளிக்கு மாக்னெட்டோ போயிற்று.

மாக்னெட்டோ என்றால் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். அது போனால் வண்டி போகாது, அது வந்தால் நம் பணம் போகும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆற்றுப் பாலத்தண்டை கொட்டகை போட்டிருக்கிற வேலுப்பிள்ளை மேஸ்திரி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஒரு சாதனம் வரணும், சாமீ. மதிராசியில்நின்னு வரணும்." இந்த ஒரு வருஷத்தில் அவர் எங்களிடம் பேசிய பேச்சின் சாரம் இதுதான். ஒரு சாதனம் வரும்; அதை மாட்டியதும் அதற்குப் பக்கத்திலிருக்கிற சாதனம் போய்விடும். தீபாவளிப் புடவை டயராயிற்று. எங்கள் பெண் ஜயாவுக்குப் பாட்டு வாத்தியார் வைக்கவிருந்தது பாட்டரியாயிற்று. எங்கள் ரயில் சார்ஜ் எதுவாயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு சாதனத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்.

மதராஸிலிருந்து வந்த பார்சல் சாவடியில் நின்றது. இது யந்திரமா, யந்திரத்தின் அவயவமா என்று அங்கே சந்தேகம். யந்திரத்துக்கு ஒரு வரி, அவயவத்துக்கு ஒரு வரி. இவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். இங்கிலீஷில் எழுதியதால் திரும்பி வந்தது. மலையாளத்தில் எழுதினார், முத்திரை ஒட்டவில்லையென்று திரும்பி வந்தது. கடைசியில் நேரில் போய் நின்று, இது அவயவமே என்று வாதாடி ஜயித்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான்கூட ஒரு பாயசம் வைத்தேன். மேஸ்திரி பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது லாரிக்குள்ளதாணு, சாமீ" என்றார். வந்தது லாரிக்கான அவயவமாம்.

அதற்குள் பொங்கல் வந்துவிட்டது.

"ஏன்னா, ரயில் இருக்கே. நம்ம ஊர் வழியாத்தானே போறது?" என்றேன்.

"சாரமில்லை, பரவாயில்லை. ரெண்டு வாரத்துலே வண்டியை நன்னாக்கிக் குடுத்துடறேன்னு மேஸ்திரி சத்தியம் பண்ணியிருக்கான்."

"அப்பாவுக்குக் கண் காத்திண்டிருக்குமா?"

இவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வேண்டுமென்றே செய்கிறவராயிருந்தால் சண்டை போடலாம். அப்பாவுக்கு மோட்டார் காட்டவேண்டும் என்று வெயிலில் கிடந்து எண்ணெய் பூசிக்கொள்கிறவரிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது? குழந்தைகளை அழைத்துக்கொண்டு தனியாக ரயிலேறவும் இந்த வீட்டில் விடமாட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் ஈயச் சொம்பை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஜயாவைத் தாத்தாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எல்லாம் மலையாளம் அவளுக்கு. தமிழில்தான் எழுதினாள், ஆனால் எழுத்தெல்லாம் மலையாளம். "தாத்தாவுக்கு இது தெரியாதேடி" என்றேன். "தாத்தா படிக்கட்டும். நான் தமிழ் படிக்கலையா?" என்றாள். அவள் படித்த தமிழ் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவள் தம்பி கிட்டுவுக்கு அதுவும் இல்லை, கனவில் உளறுவதுகூட மலையாளம்தான். அந்தக் கடிதத்தை அப்படியே அனுப்பினேன்.

5

இனி வண்டி பழுதில்லாமல் இருந்த நாட்களைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்படியும் சில நாட்கள் உண்டு.

இந்த ஊரில் யார் எந்தக் காரியத்துக்குக் கிளம்பினாலும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போவார்கள். கிழக்கே கோட்டை வாசலுக்கு எதிரில் இருக்கிறார். நாள் முழுக்கத் தேங்காய் சிதறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கரமனையிலிருந்து எங்கே போகவேண்டுமானாலும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும், அவர் முன்னால் என்ஜினை உறுமவிட்டுக்கொண்டு நிற்கவும் முடியாது. எனவே இவர் அங்கே வந்ததும் பயபக்தியாக என்ஜினை அணைப்பார், இறங்குவார், தேங்காயை உடைப்பார், தோப்புக்கரணம் போடுவார், திரும்பி வந்து வண்டியைக் கிளப்புவார். வண்டி கிளம்பாது.

சூடேறியபின் அணைத்தால் இந்த வண்டி ஆறுகிறவரை மறுபடி உயிர் பெறாது. துரை இருந்த மலைக் குளிரில் இது தெரிந்திருக்காது. கரமனையிலிருந்து பழவங்காடிக்கு வருகிற தூரம் சூடேறுவதற்குக் கச்சிதமாகப் போதும். மேஸ்திரி அணைக்காதே என்கிறார். சாஸ்திரம் அணை என்கிறது. இவர் முன்பக்கம் கைப்பிடியை மாட்டிச் சுற்றுவார், வியர்த்து ஊற்றும், அது திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கும். அப்புறம் சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குகிறவர்கள் மூன்று பேர் தாங்களாகவே வந்து பின்னால் கைவைப்பார்கள். தேங்காய்க் கடைக்காரருக்கு எங்கள் வண்டியின் நாட்கள் மனப்பாடம். விக்கினங்களைப் போக்குகிற ஸ்வாமிக்கு எதிரிலேயே தவறாமல் ஒரு விக்கினம் வருவதைப் பற்றி இவரிடம் சொன்னேன். "தாண்டிப் போனா இன்னும் பெரிசா வந்திருக்கும்" என்றார்.

இப்படியே மாசி போய், சித்திரை போய், வைகாசி வந்தது. ஒருநாள் அப்பாவே ரயிலேறி வந்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். கல்லிடைக்குறிச்சியில் சாயங்காலம் தோறும் என் அப்பாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். "அவ்வளவுதான் மாமா, இதோடு முடிச்சுட்டா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினால் போதும். மீதியைத் தனியாக வைத்துக்கொண்டு படிக்கலாம்.

6

தம்பானூர் ஸ்டேஷனில் அப்பா பக்கத்துவீட்டுச் சுப்பையர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சுப்பையர் பத்மநாபஸ்வாமி தரிசனத்துக்கு வருகிறவர், கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்பாவுக்கு எப்போதும் போலத் துவைத்து மடித்த வேஷ்டி, நிமிர்ந்த நடை. கிட்டுவையும் ஜயாவையும் கிட்ட இழுத்து, இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "ஜயா அப்படியே உன் அம்மா ஜாடை" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. பார்த்துவிட்டார், இனிமேல் எது மங்கினாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே சிவப்பு வண்டி நின்றது. கல்யாணப் பெண்ணை அலங்கரித்ததுபோல் இவர் துடைத்து வைத்திருந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு முன்மூடியிலிருந்து டிக்கிவரை தடவிக்கொண்டே போனார். தோல் வாரை இழுத்துப் பார்த்தார். டயரில் தட்டினார். மாடு பார்க்கிற அதே கை. அவர் வாயால் குறை சொல்லவைத்து இந்த வண்டியை விற்கவைக்க வேண்டும் என்றுதான் அவர் வரவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா நிமிர்ந்தார்.

"நல்ல ஜாதி, மாப்பிள்ளே. என்ன உடம்பு, என்ன நீளம்! இதை விட்டுடாதீர்" என்றார். இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. நான் என் கடைசி வக்கீலையும் எதிர்க்கட்சி கொண்டுபோய்விட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவும் இவரும் முன்னால் மோட்டாரில். நானும் குழந்தைகளும் பெட்டி படுக்கையோடு பின்னால் ஜட்காவில். கிளம்புமுன் இவரைத் தனியாக அழைத்து, "இன்னிக்கு ஒரு நாள் பழவங்காடியிலே நிறுத்தாதேங்கோ. நான் மனசுக்குள்ளே வேண்டிக்கறேன், நாளைக்கு நடந்தே வந்து உடைக்கறேன்" என்று கெஞ்சினேன். சரியென்றார். ஆனால் தேங்காய் சிதறுகிற சத்தம் காதில் விழுந்ததும் அப்பாவே, "பிள்ளையார் கோவில்தானே? நிறுத்துங்கோ, ஒரு தேங்காய் போட்டுட்டுப் போயிடலாம்" என்றிருக்கிறார். மாமனார் சொல்லை எப்படித் தட்டுவது? அணைத்துவிட்டார். அப்பா சார்பில் தேங்காயும் உடைத்தார்.

அதன் பிறகு நடந்தது வழக்கம்போல. கைப்பிடியைச் சுற்றினார், உதைத்துப் பார்த்தார், மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வந்து பின்னால் கைவைத்தார்கள். இவர் ஏறிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். மணிச் சத்தமும் தேங்காய்ச் சத்தமும் கூட்டமுமாக இருந்தது. வெறுங்கால்காரர்கள் மூன்று பேரும் சத்தமில்லாமல் தள்ளினார்கள். மோட்டார் நகர்ந்தது. முந்திவிடக்கூடாதென்று எங்கள் ஜட்காக்காரன் குதிரையை இழுத்துப் பிடித்தான். எனக்கு அவமானம் தாங்கவில்லை. அப்பாவுக்கு ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று இறங்கி வேகமாக நடந்து, மோட்டாரின் பக்கத்தில் அவர் தோளருகில் போனேன். ஜயாவும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

அப்பா காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, கோவிச்சுக்காதேங்கோ" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே குரல் வந்த பக்கம் திரும்பினார். "நீயா? பலே, உன் ஜட்காக்காரன் மோட்டாருக்குச் சமமா ஓட்டறானே! நல்ல குதிரைதான். ஜாக்கிரதையாப் பிடிச்சுக்கோடி, விழுந்துடப்போறே."

நான் அவர் தோளிலிருந்து ஒரு முழத்தில் நடந்துகொண்டிருந்தேன். அவர் கண் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

"சத்தமே இல்லையே மாப்பிள்ளே! பட்டு மாதிரிப் போறது. என்ன வேகம் போறோம்?"

இவர் என்னைப் பார்த்தார். அந்த மாதிரி ஒரு முகத்தை இவரிடம் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பின்னால் தள்ளுகிறவர்களில் ஒருவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி அடக்கினேன்.

"கொஞ்சம்... கொஞ்சம் வேகமாத்தான் போறோம், மாமா" என்றார்.

ஜயா மூச்சு வாங்கிக்கொண்டு, "வண்டி கேடாயிப்போயி, தாத்தா" என்றாள். அப்பாவுக்கு மலையாளம் தெரியாது. "குழந்தை என்ன சொல்றா?" என்று கேட்டார். அவள் தமிழை மறந்துகொண்டு வருகிறாளே என்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். அன்றைக்குப் பிள்ளையாருக்கு நமஸ்காரம் சொன்னேன்.

"வண்டி ரொம்ப நன்னாருக்காம், அப்பா" என்றேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சுப்பையர்தான் சொன்னார். பங்குனியோடு பார்வை முழுக்கப் போய்விட்டதாம். மாப்பிள்ளை வருத்தப்படுவார், சொல்லாதே என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். இவர் எழுந்து வாசலுக்குப் போய் அந்தச் சிவப்பு வண்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். போய்ச் சமாதானம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. போய்ப் பக்கத்தில் நின்றேன்.

அப்பா ஊர் திரும்பியபின், வாரம் ஒருமுறை யாரையாவது பிடித்துக் கடிதம் எழுதச் சொல்கிறார். நான்கு தெருவிலும் எங்கள் மோட்டாரைப் பற்றித்தான் பேச்சாம். சத்தமே கிடையாது, குதிரை வண்டி பறந்து வந்தும் முந்த முடியவில்லை என்று எல்லோருக்கும் சொல்கிறாராம்.

இன்று ஆண்டு நிறைவுத் தேங்காயை உடைத்துவிட்டு, வழக்கம்போலத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். இவர் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே, "மேஸ்திரிக்கு ஒரு ஆள் தெரியுமாம். கேட்ட விலைக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். நீ ஒரு வருஷமாச் சொல்லிண்டிருக்கியே" என்றார்.

ஒரு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. காலைத் தபாலில் வந்த அப்பாவின் கடிதம் என் இடுப்பில் செருகியிருந்தது. தை பிறந்ததும் வருகிறாராம், இன்னொரு தரம் மோட்டாரில் உட்கார.

"விக்க வேண்டாம்" என்றேன். "தள்ளறவா கிட்டே மட்டும் இப்பவே சொல்லி வையுங்கோ. அப்பா வரச்சே யாரும் வாயைத் திறக்கப்படாது."